சிவாலய ஓட்டப் பாதையில் லீ மிங்வேயும் நானும்: குமரி மாவட்டப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, தோவாளை

தோவாளைப் பூச்சந்தையைப் பார்க்க நினைப்பவர்கள் இருட்டோடு போய்விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் சாக்குப்பையும் மிதிபட்ட இலைதழையும்தான் மிச்சம். நாகர்கோவிலிலிருந்து சித்தப்பா பைக்கில் கூட்டிப்போனார். ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து வரும் காற்று அந்நேரத்திலும் காதை அறைந்தது. சந்தைக்குள் பிச்சி, முல்லை, செவ்வந்தி, கோழிக்கொண்டை, துளசி என்று குவியல் குவியலாகக் கொட்டிக் கிடந்தன. சிவராத்திரி வருவதால் அரளிக்கும் தாமரைக்கும் கிராக்கி. கேரளப் பதிவெண் போட்ட வண்டிகள் வரிசையாக நின்றன. மலையாளமும் தமிழும் கலந்த பேரம்.

சந்தையைத் தாண்டி ஊருக்குள் போனால் திண்ணைகளில் மாணிக்கமாலை கட்டுகிறார்கள். நான் பார்த்த வீட்டில் ஒரு அம்மா நொச்சி இலையை நகத்தால் அழுத்தி மடித்தார். பக்கத்தில் வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று, இரண்டையும் அதே அளவுக்கு மடித்து வைத்து நாரால் ஒரு சுற்று. பூ பூவாகத் தெரியக் கூடாது. கல் பதித்த பட்டையாகத் தெரிய வேண்டும். ஒரு மடிப்பு பிசகினால் அடுத்த வரிசை முழுக்கச் சாய்ந்துவிடும், அதனால் அவர் கண் கையை விட்டு நகரவில்லை. திருவனந்தபுரம் பத்மநாப சுவாமி கோவிலுக்குப் போகும் மாலை இது. 2025-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

நான் கோவையில் ஒரு பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். இந்த முறை சித்தி வீட்டுக்கு வந்ததற்குச் சிவராத்திரி ஒரு காரணம், லீ மிங்வே என்ற கலைஞர் இன்னொரு காரணம். சில ஆண்டுகளாக அந்த மனிதரின் படைப்புகளைப் பின்தொடர்ந்து வருகிறேன். நேரில் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. படங்கள், காணொளிகள், அவருடைய பேட்டிகள், இவை வழியாகத்தான் பழக்கம். 1964-இல் தைவானின் தைச்சுங் நகரில் பிறந்தவர். பதின்வயதில் அமெரிக்கா போனவர். கலிஃபோர்னியாவில் துணிக்கலை படித்து, 1997-இல் யேல் பல்கலைக்கழகத்தில் சிற்பத்தில் முதுகலை முடித்தார். சிற்பி என்று பட்டம் வாங்கிய பிறகு அவர் செய்தவை என்னென்ன? முன்பின் தெரியாதவருக்குச் சோறு சமைத்துப் போட்டார். கிழிந்த துணி தைத்துக் கொடுத்தார். கடிதம் எழுத இடம் அமைத்துக் கொடுத்தார். பாடச் சொன்னார், பெருக்கச் சொன்னார். பார்க்க வருகிறவர் கை வைத்தால்தான் அவருடைய படைப்பு முழுமையாகும்.

சந்தையில் நின்றபோது அவருடைய ‘தி மூவிங் கார்டன்’ நினைவுக்கு வந்தது. நீளமான கருங்கல் மேசை, நடுவில் நெடுக ஒரு பிளவு, அதில் புதுப்பூக்கள் செருகியிருக்கும். 2009-இல் பிரான்ஸின் லியோன் பியென்னாலே என்ற ஈராண்டுக் கலைக் கண்காட்சியிலும் 2011-இல் நியூயார்க்கின் புரூக்ளின் அருங்காட்சியகத்திலும் வைத்தார். வெளியே போகிறவர் யாரானாலும் ஒரு பூ எடுத்துக்கொள்ளலாம். ஆனால் வழக்கமான வழியை விட்டுச் சுற்றுவழியில் போக வேண்டும், போகிற வழியில் அறிமுகமில்லாத ஒருவருக்கு அதைக் கொடுத்துவிட வேண்டும். இந்த நிபந்தனைகளை எடுத்துவிட்டால் அது வெறும் இலவசப் பூ. நிபந்தனை இருப்பதால் பூவை எடுத்த கை கனக்கிறது, யாரிடம் கொடுப்பது என்று தெருவில் ஒவ்வொரு முகமாகப் பார்க்க வைக்கிறது. அவருடைய கலை முழுவதும் இந்தச் சின்ன விதியில்தான் நிற்கிறது என்பது என் எண்ணம். சடங்கிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது அலங்காரத்தையோ புகையையோ இல்லை, விதியைத்தான். அதை யோசித்துப் பார்க்கக் குமரி மாவட்டத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கிளம்பும்போது பிச்சிப்பூ விற்ற ஆச்சி கூப்பிட்டு ஒரு முழம் கிள்ளிக் கொடுத்தார். காசை வாங்க மாட்டேன் என்றார். “வெறுந்தலையோட சந்தையை விட்டுப் போகக் கூடாது மக்ளே.”

சனி, முஞ்சிறை

சிவாலய ஓட்டம் பற்றிக் கேள்விப்படாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். கல்குளம், விளவங்கோடு வட்டாரங்களில் பரவிக் கிடக்கும் 12 சிவன் கோவில்களை ஓடியும் நடந்தும் தரிசிப்பது. சிவராத்திரிக்கு முந்தின நாள் மாலை முஞ்சிறை திருமலையில் தொடங்கி, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு என்று போய், சிவராத்திரி இரவில் திருநட்டாலத்தில் முடியும். எல்லாம் சேர்ந்து 100 கிலோமீட்டருக்கு மேல். ஓடுவது சிவனுக்காக. வாயில் சொல்வது “கோவிந்தா, கோபாலா”.

அதற்கொரு கதை உண்டு. பாதி மனிதனும் பாதி மிருகமுமான, சிவனைத் தவிர யாரையும் ஏற்காத புருஷாமிருகத்திடம் பால் வாங்கி வரும்படி பீமனைக் கண்ணன் அனுப்புகிறான், கையில் 12 ருத்திராட்சங்களைக் கொடுத்து. பீமன் “கோவிந்தா கோபாலா” என்று கூவிக்கொண்டு போகிறான். கோவிந்த நாமம் காதில் விழுந்ததும் புருஷாமிருகம் கொதித்துத் துரத்துகிறது. பீமன் ஒரு ருத்திராட்சத்தைக் கீழே போட்டுவிட்டு ஓடுகிறான். அது லிங்கமாகிறது. புருஷாமிருகம் நின்று பூசை செய்கிறது. மறுபடி கூவல், மறுபடி துரத்தல். 12-ஆவது இடத்தில் சிவனும் திருமாலும் ஒன்றாகத் தரிசனம் கொடுக்கிறார்கள்; திருநட்டாலத்தில் சங்கரநாராயணர் இருப்பது அதனால்தான். கதையைச் சொல்பவர் ஒருவர், கேட்பவர் ஒருவர் என்று இங்கே இல்லை. ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானவர்கள் பீமனாகி அந்தக் கதையைக் காலால் சொல்கிறார்கள்.

தம்பி (சித்தி மகன்) இந்த ஆண்டு ஓடுகிறான். ஒரு வாரமாக வீட்டில் அவனுக்குத் தனிச் சாப்பாடு. காவி வேட்டி, இடுப்பில் ஒரு சிறு துணிப்பை, கையில் பனையோலை விசிறி. விசிறியை வாங்கிப் பார்த்தேன். குருத்தோலையை விரித்து ஓரம் நறுக்கி, காம்போடு சேர்த்துக் கட்டியது. புது ஓலையின் வாசம் இன்னும் போகவில்லை. ஒவ்வொரு கோவிலுக்கும் போய், ஆற்றிலோ குளத்திலோ குளித்து, ஈரத்தோடு சன்னதியில் நின்று இறைவனுக்கு இந்த விசிறியால் வீச வேண்டும். ஓடி வியர்த்து வருகிறவன் தனக்கு வீசிக்கொள்ளாமல் சாமிக்கு வீசுகிறான் என்பது எனக்குத் தாங்க முடியாத அழகாகத் தெரிந்தது. இவ்வளவுக்கும் தேவைப்படும் பொருள் ஓர் ஓலை.

திருமலையில் நடை திறந்ததும் கூட்டம் இறங்கியது. குன்றின் படிகளில் வெறுங்கால்கள் தடதடத்தன. “கோவிந்தா” என்று ஒரு பக்கம், “கோபாலா” என்று மறுபக்கம். தம்பி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

காரில் திரும்பும்போது சித்தப்பாவிடம் லீ மிங்வேயைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “சாமி இல்லாத எடத்துல சடங்கு எப்படி நிக்கும் பிள்ளே?” என்றார். நல்ல கேள்வி. எனக்கு உடனே பதில் வரவில்லை.

ஞாயிறு, திற்பரப்பிலிருந்து திருநட்டாலம் வரை

விடியற்காலையில் திற்பரப்பு. கோதையாறு அருவியாக விழும் சத்தம் கோவிலுக்குள்ளும் கேட்கிறது. ராத்திரி முழுக்க ஓடி வந்தவர்கள் ஆற்றில் முங்கி எழுந்து ஈர வேட்டியோடு ஓடினார்கள். ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே செல்லும் சாலையில் காவி வேட்டிகள் வளைவுக்கு வளைவு தெரிந்துகொண்டே இருந்தன. இப்போது பைக்கிலும் வேனிலும் போகிறவர்கள் ஓடுகிறவர்களைவிட அதிகம் என்று சித்தப்பா குறைப்பட்டுக்கொண்டார். எனக்கு அது குறையாகத் தோன்றவில்லை. சக்கரத்தில் போனாலும் வரிசை அதே வரிசைதான், முழக்கமும் அதேதான்.

நான் அதிகநேரம் நின்று பார்த்தது கோவில்களுக்கு இடைப்பட்ட தெருக்களை. வீட்டுவாசலில் ஒரு பெஞ்சு, மேலே ஒரு அண்டா, நாலு தம்ளர். சுக்குவெள்ளம் (இங்கே வெள்ளம் என்றால் தண்ணீர்), மோர், பானகம், கஞ்சியும் பயறும், அவித்த மரச்சீனிக்கிழங்கு, வெள்ளரித்துண்டு. யார் ஏற்பாடு என்று கேட்டால் கைகாட்டும் ஆள் இல்லை. ஒரு வளைவில் பத்து வயதுப் பையன் ஒருவன் தம்ளரோடு சாலைக்கு ஓடி வந்து, ஓடுகிறவர்களுக்குச் சமமாகக் கூடவே ஓடி, “அண்ணா, வெள்ளம் வேணுமா, வெள்ளம்?” என்று கேட்டுக் கொடுத்துவிட்டு, காலித் தம்ளரை வாங்கிக்கொண்டு திரும்பினான். ஓடுகிறவர் நிற்க வேண்டியதில்லை, கொடுக்கிறவன்தான் ஓட வேண்டும் என்று அவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

லீ மிங்வே யேலில் படித்தபோது தனிமையில் தவித்தவர். யாராவது வந்து என்னோடு சாப்பிடுங்கள், பேசுவோம் என்று வளாகத்தில் சுவரொட்டி ஒட்டினார். அதுதான் 1997-இல் ‘தி டைனிங் ப்ராஜெக்ட்’ ஆனது. அருங்காட்சியகம் மூடிய பிறகு, குலுக்கலில் வந்த ஒருவருக்கு அவரே சமைத்துப் பரிமாறி எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார். ஒரு வேளை, ஒரு விருந்தாளி. கூட்டம் சேர்க்கும் ஆசை துளியும் இல்லை. அவருடைய அம்மா அறுவை சிகிச்சைக்குப் பிறகு தேறிவந்த நாட்களில் இருவரும் இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் பாடல்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அதிலிருந்து 2013-இல் வந்தது ‘சானிக் ப்ளாஸம்’. அருங்காட்சியகத்தில் படம் பார்த்துக்கொண்டிருக்கும் யாரோ ஒருவரிடம் பயிற்சி பெற்ற பாடகர் வந்து, உங்களுக்கு ஒரு பரிசு தரலாமா என்று கேட்பார். சரி என்றால் நாற்காலியில் உட்கார வைத்து, அந்த ஒருவருக்காக மட்டும் ஒரு பாட்டு. காணொளிகளில் கேட்டுக்கொண்டிருப்பவர்களின் முகத்தைப் பார்த்திருக்கிறேன், பாதிப்பேர் அழுதுவிடுகிறார்கள். முதலில் கேட்பது, பிறகு கொடுப்பது. அந்தக் கேள்வி இல்லாமல் பாடகர் தன்பாட்டுக்குப் பாட ஆரம்பித்திருந்தால் அது கச்சேரி. தம்ளரோடு ஓடிய பையனும் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தான்.

சித்தப்பாவின் கேள்விக்கு இங்கே பாதிப் பதில் கிடைத்தது என்று நினைக்கிறேன். லீ மிங்வேயின் பல படைப்புகளுக்குப் பின்னால் அவருக்கு உயிரான ஒருவர் இருக்கிறார். அம்மா, பாட்டி, துணைவர். பாட்டி இறந்த துக்கத்தில் 1995-இல் அவர் ஒரு பூச்செடிக் கிழங்கை நட்டு, அது முளைத்துப் பூத்து வாடி முடியும்வரை 100 நாட்கள் அதைக் கூடவே வைத்துக்கொண்டிருந்தார். சாப்பிடும்போதும் தூங்கும்போதும் நடக்கும்போதும். சிறுவயதில் கோடை விடுமுறைகளைச் சீனத் தியான மரபான சான் பௌத்தத் துறவிகளோடு கழித்தவர் அவர். சன்னதி இல்லாவிட்டாலும், யாருக்காகச் செய்கிறோம் என்பது அவருக்குத் தெரியும். நம் ஊர்ச் சடங்குகளைப் படியெடுத்து நகரத்துக் கண்காட்சிகளில் வைக்கும் முயற்சிகள் பலவற்றில் எனக்கு மனம் ஒட்டாததற்குக் காரணமும் அதுவே. மஞ்சள், குங்குமம், உடுக்கைச் சத்தம் எல்லாம் இருக்கும். யாருக்காக என்பது இருக்காது.

திருநட்டாலத்துக்குத் தம்பி வந்து சேர்ந்தபோது இரவு வெகுநேரம் ஆகிவிட்டது. உள்ளங்காலில் கொப்புளம் உடைந்திருந்தது. விசிறியின் ஓரம் கிழிந்து நார் நாராகத் தொங்கியது. அதை வைத்துக்கொண்டே சங்கரநாராயணருக்கு வீசினான். சித்தி அவன் காலைத் தொட்டுப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் வெந்நீர் கேட்டு வாங்கி வந்தாள்.

திங்கள், சாமித்தோப்பு

நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரி போகும் வழியில் உள்ள ஊர். சாதிக்கு எதிராக நின்ற சமயத் தலைவர் அய்யா வைகுண்டரின் தலைமைப் பதி, அதாவது வழிபாட்டிடம். தம்பியும் நொண்டிக்கொண்டே வந்தான்.

முதலில் முத்திரிக்கிணறு. அங்கே குளித்துவிட்டுத்தான் பதிக்குள் போவது வழக்கம். நீர் இறைத்து ஊற்றிக்கொள்கிறார்கள், கொஞ்சம் குடிக்கிறார்கள். இன்று பார்க்கிறவர்களுக்கு இது ஒரு புண்ணியத் தீர்த்தம். அய்யா வைகுண்டர் வாழ்ந்த காலத்தில் (1809–1851) இது தைரியமான காரியம். திருவிதாங்கூரில் கிணற்றுக்கும் சாலைக்கும் சாதி இருந்த நாட்கள் அவை. எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் இறைத்துக் குளித்து, குடித்து, கூடி உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று அவர் விதி வைத்தார். அரசர் அவரைச் சிறையில் அடைத்தும் அந்த விதி நின்றது.

பதிக்குள் போகும் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றி, தலையில் துண்டால் தலைப்பாகை கட்ட வேண்டும். வேறெந்தக் கோவிலில் தலையை மூடிக்கொண்டு உள்ளே போகச் சொல்கிறார்கள்? தலைப்பாகை கட்டும் உரிமை மறுக்கப்பட்ட மக்களிடம், கடவுள் முன்னால் நிற்கும்போது தலைப்பாகையோடு நில் என்று சொன்னவர் அய்யா. என் முன்னால் ஒரு தாத்தா தன் பேரனுக்குக் கட்டிவிட்டார். பையன் சென்னைப் பேச்சு பேசினான், முதல்முறை வருகிறான்போல. தாத்தா துண்டை நீளவாக்கில் மடித்து, நெற்றியில் வைத்து, பின்னால் கொண்டுபோய் ஒரு சுற்றுச் சுற்றி முனையைச் செருகினார். அவிழ்ந்துவிட்டது. மறுபடி கட்டினார். “தலைய நிமித்தி நில்லு மக்கா, குனிஞ்சா அவுந்துரும்.” அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு நெஞ்சு அடைத்துவிட்டது. நிமிர்ந்தால்தான் நிற்கும் தலைப்பாகை! அவருடைய தாத்தாவின் தாத்தா எப்படி நின்றிருப்பார் என்பதை யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இதே மண்ணில்தான் பெண்கள் மார்பை மறைக்க மேல்சீலை போடுவதற்குப் பல பத்தாண்டுகள் அடிபட்டுப் போராடினார்கள். 1859-இல்தான் அரசாணை வந்தது.

கருவறையான பள்ளியறையில் சிலை கிடையாது. விளக்குகளும் கண்ணாடியும். கும்பிட்டு நிமிரும்போது தெரிவது கும்பிடுகிறவரின் முகம், நெற்றியில் வெண்ணிறத் திருநாமத்தோடு. கேரளச் சீர்திருத்தவாதி நாராயண குரு 1927-இல் சேர்த்தலை அருகே களவங்கோடத்தில் கண்ணாடியைப் பிரதிஷ்டை செய்ததைக் கலைப் புத்தகங்களிலும் கருத்தரங்குகளிலும் அடிக்கடி சொல்வார்கள். சாமித்தோப்பு அதற்கு முந்தையது. இதைச் சொல்பவர்கள் குறைவு, அது எனக்கு வருத்தம். பார்ப்பவரே படைப்பின் பாதி என்று இருபதாம் நூற்றாண்டுக் கலை வரலாறு எழுதும்போது, பனைத்தொழிலாளிகளுக்கு நடுவே இருந்து இப்படி ஒரு அமைப்பை உருவாக்கியவரின் பெயரும் அதில் வர வேண்டும். இது சமயம், அது கலை என்று கோடு போட்டு ஒதுக்குவது எனக்குச் சம்மதமில்லை.

துவையல் தவசு என்று ஒன்றையும் இங்கே கேட்டுக்கொண்டேன். குடும்பம் குடும்பமாக வாகைப்பதிக் கடற்கரைக்கு மக்களை அனுப்பி, தினமும் உடுத்த துணியைத் துவைத்து, குளித்து, ஒருவேளை உண்டு, வழிபட்டு வாழச் செய்தார் அய்யா. துணி துவைப்பதே தவம். பலர் சேர்ந்து மாதக்கணக்கில் செய்தது. யாரும் அதைப் படம் எடுக்கவில்லை, காட்சிக்கு வைக்கவில்லை. செய்தவர்கள் வேறு ஆட்களாகித் திரும்பினார்கள்.

வெளியே மணல்முற்றத்தை ஒரு அக்கா பெருக்கிக்கொண்டிருந்தார். விளக்குமாறு போன தடம் வளைவு வளைவாக மணலில் விழுந்தது. லீ மிங்வே மியான்மார் போயிருந்தபோது, பகோடாக்களுக்குப் போகும் பாதையைத் தன்னார்வலர்கள் பெருக்கிச் சுத்தமாக வைத்திருப்பதைப் பார்த்தார். வெறுங்காலோடு வருகிறவர்களுக்காக. அதிலிருந்து வந்தது 2015-இல் ‘அவர் லேபிரிந்த்’ (நம் புதிர்ப்பாதை). நடனக்கலைஞர் ஒருவர் லுங்கி உடுத்தி, காலில் சதங்கையோடு, கூடத்தின் நடுவே குவித்த அரிசியை நீண்ட விளக்குமாற்றால் மெல்ல மெல்லப் பெருக்கிக்கொண்டே போவார். அவசரமில்லை, முடிவுமில்லை. 2022-இல் லண்டன் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்தில் நடந்ததைக் காணொளியில் பார்த்தேன். அக்காவிடம் தினமும் நீங்கள்தான் பெருக்குவீர்களா என்று கேட்டேன். “இன்னைக்கு என் முறை” என்றார்.

அன்னதர்மத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். தம்பி தலைப்பாகையை வீடு வரும்வரை அவிழ்க்கவில்லை.

செவ்வாய், முட்டத்துக்கும் குளச்சலுக்கும் நடுவே

கடற்கரையூர் ஒன்றில் சித்தியின் கல்லூரித் தோழி இருக்கிறார். ஊர்ப்பெயரை எழுத வேண்டாம் என்றார், எழுதவில்லை.

கரையில் ஒரு பெரியவர் காலை நீட்டி உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். கால் பெருவிரலில் வலையின் கண்ணை மாட்டி இழுத்துப் பிடித்து, ஊசியை விட்டு வாங்கி, முடிச்சை இறுக்கினார். நீல வலையில் அங்கங்கே பச்சையும் ஆரஞ்சுமாகத் திட்டுத்திட்டாக ஒட்டு. ஒரே நிற நூல் கிடைக்கவில்லையா என்று கேட்டேன். “பொத்தின எடம் தெரியணும் மோளே. அடுத்தவாட்டி அங்கதான் மொதல்ல பாக்கணும்.”

2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் இரட்டைக் கோபுரத்தில் வேலை பார்த்தவர் லீ மிங்வேயின் துணைவர். உயிர் தப்பி வீடு வந்தார். அன்று இரவு என்ன செய்வதென்று தெரியாமல் வீட்டிலிருந்த கிழிந்த துணிகளை எடுத்துத் தைக்க ஆரம்பித்தார் லீ மிங்வே. அதுவே 2009-இல் ‘தி மெண்டிங் ப்ராஜெக்ட்’ ஆனது. சுவர் முழுக்க வண்ண நூல்கண்டுகள், ஒரு நீள மேசை, இரண்டு நாற்காலி. கிழிந்த துணியோடு வருகிறவர் எதிரே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, அவர் தைப்பார். கிழிசலை மறைக்காமல், அது எடுப்பாகத் தெரியும்படி பளிச்சென்ற நூலில் தைப்பார். தைத்த துணியின் நூலை அறுக்காமல், சுவரிலிருக்கும் கண்டோடு இணைந்தபடியே மேசையில் அடுக்கிவைப்பார். கண்காட்சி முடிந்த பிறகுதான் துணி சொந்தக்காரர் கைக்குப் போகும். 2017-இல் வெனிஸ் பியென்னாலேயில் இதை வைத்தார். பெரியவரிடம் இதையெல்லாம் சொன்னேன். தைக்கிறவரும் கொடுத்தவரும் எதிரெதிரே உட்கார்ந்து பேசுவார்கள் என்ற பகுதி அவருக்குப் பிடித்திருந்தது. “தனியா பொத்தினா வலை தீராது” என்று மட்டும் சொன்னார்.

சாயங்காலம் கத்தோலிக்கக் கோவிலில் அந்தோணியார் நவநாள் வழிபாடு. வாசலில் மரப்பெட்டி, பக்கத்தில் துண்டுத்தாள்கள், கயிற்றில் கட்டிய பேனா. வருகிறவர்கள் நின்றபடி எழுதி மடித்துப் போடுகிறார்கள். பெயர் எழுத வேண்டியதில்லை. நவநாள் நடுவில் சில விண்ணப்பங்களும் நன்றிகளும் வாசிக்கப்பட்டன. மகனுக்கு விசா கிடைக்க வேண்டும். பத்து வருடத்துக்குப் பிறகு பிறந்த பிள்ளைக்காக நன்றி. குடியை நிறுத்த வேண்டும். யாருடையது என்று ஊருக்குள் சிலருக்குத் தெரிந்திருக்கும். ஆனாலும் யாரும் தலையைத் திருப்பிப் பார்க்கவில்லை, எல்லோரும் சேர்ந்து “எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்” என்றார்கள். 2004 சுனாமியும் 2017 ஒக்கிப் புயலும் ஆட்களை எடுத்துப்போன கரை இது. ஒரு துண்டுத்தாளில், கடலுக்குப் போய் உடலும் திரும்பாத ஒருவருக்காக ஒரு வரி இருந்தது. அதை இங்கே எழுத எனக்கு உரிமையில்லை.

‘தி லெட்டர் ரைட்டிங் ப்ராஜெக்ட்’ 1998-இல் செய்தது. பாட்டி இறந்தபின் அவருக்குச் சொல்லாமல் விட்டவற்றையெல்லாம் லீ மிங்வே கடிதங்களாக எழுதிக்கொண்டே இருந்தார். பிறகு மரமும் மங்கலான கண்ணாடியும் கொண்ட மூன்று சிறு அறைகள் அமைத்தார். ஒன்றில் நின்றும், ஒன்றில் உட்கார்ந்தும், ஒன்றில் முழந்தாளிட்டும் எழுத வேண்டும். தியானத்தின் நிலைகள் அவை. நன்றியோ மன்னிப்போ சொல்லாமல் விட்டுப்போனவர்களுக்கு எழுதலாம். உறையை ஒட்டி முகவரி எழுதி வைத்தால் அருங்காட்சியகமே அஞ்சலில் சேர்த்துவிடும். ஒட்டாமல் வைத்தால் அடுத்து வருகிறவர் எடுத்துப் படிக்கலாம். ஒட்டுவதா வேண்டாமா என்ற அந்த ஒரு முடிவுதான் இதில் எனக்கு மிகப் பெரியது. தன் துக்கத்தைத் தெரியாத ஒருவர் கையில் கொடுப்பது. 2020-இல் பெர்லின் குரோபியுஸ் பாவ் காட்சிக்கூடத்தில் அவருடைய கண்காட்சி நோய்ப்பரவலால் மூடிக்கிடந்தபோது, வீட்டிலிருந்தே உங்களுக்கு நீங்கள் கடிதம் எழுதி அனுப்புங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டார்.

நவநாள் முடிந்ததும் நானும் ஒரு தாள் எடுத்தேன். அப்பாவுக்கு எழுத வேண்டியது நிறைய இருந்தது. நின்றுகொண்டு எழுதினேன், மடிக்காமல் போட்டேன்.

புதன், கன்னியாகுமரி

முக்கடல் கூடும் இடத்தில் கூட்டம் வழக்கம்போல். எனக்கு வேண்டியிருந்தது மணல். இங்கே கருமணலும் சிவந்த மணலும் வெள்ளை மணலும் அலை ஒதுக்கின இடத்தில் தனித்தனி வரிகளாகக் கிடக்கும். கருமை இல்மனைட்டால், செம்மை கார்னெட்டால். கன்னி தேவிக்கும் சுசீந்திரம் ஈசனுக்கும் நடக்கவிருந்த கல்யாணம் நின்றுபோனதால், விருந்துக்கு வைத்திருந்த அரிசியும் தானியமும் மணலாகிவிட்டது என்பது ஊர்க்கதை. கடைகளில் அந்த மணலைப் பாக்கெட் போட்டு விற்கிறார்கள்.

பிக்காசோ 1937-இல் வரைந்த ‘கெர்னிகா’வை லீ மிங்வே 2006-இல் வண்ண மணலில் பெரிதாகத் தரையில் வரைந்தார். குண்டுவீச்சில் அழிந்த ஒரு ஊரின் படம். ஒரு மூலையை மட்டும் முடிக்காமல் விட்டிருப்பார். ஒரு குறிப்பிட்ட நாளில் அந்த மூலையில் உட்கார்ந்து அவர் வரைந்து முடிக்க, பார்வையாளர்கள் ஒருவர் பின் ஒருவராக, செருப்பில்லாமல் அதே படத்தின்மேல் நடந்து போவார்கள். ஒரு சமயத்தில் ஒருவர் மட்டும். பொழுது சாயும்போது விளக்குமாறு எடுத்து மணலை நடுவுக்குக் கூட்டுவார்கள். அதன்பிறகு கண்காட்சி முடியும்வரை அந்தக் கலைந்த மணல்தான் படைப்பு. முதலில் காலை வைப்பவர் என்ன நினைப்பார்? வாசலில் கோலத்தை மிதித்துப் பழகிய நமக்கு அது எளிது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இன்று சித்தப்பாவிடம் கேட்டபோது வேறு சொன்னார். “கோலத்தை நாம மிதிக்கிறதில்ல பிள்ளே. ஓரமாத்தான் போவோம். பொழுது போகப்போக அதுவா அழியும். அவரு மிதிக்கச் சொல்லுறாரு. அது வேற.”

சரிதான். லீ மிங்வே அந்த இடத்தில் நம் சடங்கை விட்டு விலகி, நடப்பவர் கையில், இல்லை, காலில் ஒரு பொறுப்பை வைக்கிறார். ஒரு ஊர் அழிந்ததில் உன் பங்கு என்ன என்று கேட்கிறார். சாமி இல்லாத இடத்தில் சடங்கு எப்படி நிற்கும் என்று கேட்டவரே இதைக் கண்டுசொன்னதில் எனக்குச் சந்தோஷம். இரண்டு பேரும் சூடாக நேந்திரங்காய் சிப்ஸ் வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம்.

அடுத்த சிவராத்திரிக்கு ஓட்டம் பார்க்க வர நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். முந்தின நாள் வெயில் தாழும் முன்பே முஞ்சிறைக்கு வந்துவிடுங்கள், பிறகு வண்டி நகராது. திற்பரப்புக்கும் பொன்மனைக்கும் நடுவே எங்கேயாவது ஒரு வளைவில் நின்றுகொள்ளுங்கள், கோவில் வாசலைவிட அங்கே அதிகம் தெரியும். ஓடுகிறவர்களை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். வாசலில் நீட்டும் தம்ளரை மறுக்காதீர்கள், காசு கொடுக்காதீர்கள். கையில் எதையாவது கொண்டுவந்து நீங்களும் ஒரு பெஞ்சு போட்டால் யாரும் ஏன் என்று கேட்கப் போவதில்லை. வெல்லம், சுக்கு, நாலு தம்ளர் போதும் என்று சித்தி சொல்கிறாள். தண்ணீர் பக்கத்து வீட்டில் தருவார்கள்.